எல்லாம் எர்த்து கோளாறுங்ண்ணா

பள்ளிபாளையத்திலிருந்து ராசிபுரம் வரை எந்த ஊரில் இறங்கினாலும் இவரைக் கண்டுபிடித்துவிடலாம். மாடியில் பத்துக்குப் பத்து அறை. கதவில் 'ரெக்கார்டிங் ஸ்டுடியோ' என்று ஸ்டிக்கர். உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை. நாமக்கல் பக்கத்தில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? முப்பது முட்டை பிடிக்கிற அட்டையைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து பசை போட்டு ஒட்டிவிட்டு, "சவுண்ட் புரூஃப் பண்ணியாச்சுங்ண்ணா" என்பார். அவர் சொல்வது நமக்குச் சரியாகக் கேட்காது, பக்கத்துப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். காகிதக் கூழ் அட்டைக்கு ஏது கனம்? அறைக்குள் கீச்சென்று வருவதைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், முகம் வாடிவிடும்.

தொழில், பாட்டு போடுவது. திருவிழாவுக்கு மாரியம்மன் பாட்டு, வள்ளி கும்மிக்கு ட்ராக், கல்யாண வீடியோவுக்குப் பின்னணி. ஆனால் எப்போது போனாலும் மனிதர் மேசைக்கு அடியில்தான் இருப்பார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும்.

"ஹம் வருதுங்ண்ணா. எல்லாம் எர்த்து கோளாறு" என்று பாதங்கள் பேசும்.

தறி நின்ற பிறகு காதைக் கொடுத்துக் கேட்டால், வரத்தான் செய்கிறது. மெல்லிய 'ம்ம்ம்'. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைகிறது. அந்த 50-ம் அதன் இரட்டிப்பான 100-ம் ஸ்பீக்கரில் புகுந்து முனகும். ஸ்பீக்கர் ஒரு பிளக்கில் இருக்கிறது. லேப்டாப் அடுத்த அறையிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. நடுவே ஆடியோ கேபிள். ஆக, எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்து ஒரு வளையமாகிவிடுகிறது. அந்த வளையத்தில் சுற்றும் மின்சாரம்தான் முனகுகிறது. எல்லாவற்றையும் ஒரே பாயிண்டுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் அடங்கினால் குற்றவாளி சார்ஜர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பேலன்ஸ்டு கேபிள் இருக்கிறது. ஒரே சிக்னலை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் அனுப்பி, வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடும். கால்மணி நேர வேலை.

கால்மணி நேரத்தில் முடித்துவிட்டால் அப்புறம் அவர் என்ன ஸ்டுடியோக்காரர்? புழக்கடைக்குப் போய் எர்த்துக் குழியைத் தோண்டுவார். உப்பும் கரியும் கொட்டுவார். சித்திரை வெயிலில் அம்மா பிடித்து வைத்த தண்ணீரைக் குடம் குடமாக அதில் ஊற்றுவார்.

"ஏன்டா சாமி, அதை அந்தத் தென்னம்புள்ளைக்கு ஊத்துனாலாச்சும் நாலு குரும்பை புடிக்குமேடா" என்பது அம்மாவின் கருத்து.

குழி ஈரமாக இருக்க வேண்டும் என்பது சரிதான். காய்ந்த மண்ணில் எர்த்து சரியாக இறங்காது. ஆனால் அது உயிர் காக்கிற ஏற்பாடு. வளையத்தின் முனகலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இனத்தில் துணிச்சல்காரர்கள் சிலர் உண்டு. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைக் கழற்றி எறிந்துவிட்டு, "ஹம் போயிருச்சு பாருங்க" என்பார்கள். போயிருக்கும். என்றைக்காவது உள்ளே பழுதாகி, பெட்டியின் இரும்பில் 230 வோல்ட் ஏறினால் அவரும் போய்விடுவார். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஸ்டுடியோக்காரரின் அப்பா ஒரு காலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டி, பக்கத்து ஊரையும் விடியற்காலையில் எழுப்பியவர். மகன் படும் பாட்டை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அந்த பேன் ரெகுலேட்டரை நிறுத்திப் பாருடா" என்பார்.

"அப்பா, இது உங்க காலத்து செட்டு இல்லீங்ப்பா."

பெரியவர் பேசாமல் போய் சுவிட்சை அணைப்பார். அதுவரை கூடவே வந்துகொண்டிருந்த 'கர்ர்ர்' சட்டென்று நின்றுவிடும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் வருகிற சத்தம் அது. மகனா ஒத்துக்கொள்வார்?

"அது ஹம் இல்லீங்ப்பா, பஸ்ஸு."

"பஸ்ஸோ லாரியோ, நின்னுருச்சில்ல?"

அடுத்த வாரம் போனால் வேறு வியாதி. "பேஸே வரலைங்ண்ணா." அறை சதுரம், நாற்காலி நட்டநடுவில். பத்தடிச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி முட்டி மோதி நிற்கும். சுவரோரம் வீங்கும், நடுவில் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் காலை வாரும். டீ கொண்டுவந்த மனைவி கதவோரம் நின்று, "என்னங்க இது, திம்முதிம்முன்னு நெஞ்சை அடிக்குது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே தள்ளி, பெட்டிகளை மூலையிலிருந்து வெளியே இழுத்து, ட்வீட்டரைக் காது உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பெட்டியும் தலையும் சமபக்க முக்கோணமாக உட்கார்ந்தால் பாதி வழிக்கு வந்துவிடும். செலவில்லாத வைத்தியம் என்பதால் அவருக்கு நம்பிக்கை வராது. பெட்டியை மாற்றுவார்.

எனக்கென்னவோ இந்த மேசையடி வாசத்துக்கு வேறு காரணம் தோன்றுகிறது. 1978-ல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்று ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தது. வீட்டில் பாட்டுக் கேட்கச் செய்தது. வீடுகளில் பெரிய வரவேற்பில்லை, உலகமெங்கும் ஸ்டுடியோக்களில் போய்க் குடியேறியது. காரணம், அதன் கடுமை. ஒலிப்பதிவில் இருக்கிற குறையை மறைக்காமல் சொல்லிவிடும். கூர்மை தாங்காமல் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கொண்ட இன்ஜினியர்கள்கூட அதைத் தூக்கி எறியவில்லை. 2001 வரை அது தயாரிப்பில் இருந்தது. ஸ்டுடியோ மானிட்டர் என்பதே மாமியார் மாதிரி குறை சொல்வதற்காக வீட்டுக்குள் கொண்டுவருவதுதான். நம்மவர் வீட்டுப் பெட்டியும் அதைத்தான் செய்கிறது. இரண்டாம் சரணத்தில் சுருதி இறங்குகிறது, உடுக்கை குரலை முழுங்குகிறது, எக்கோ ஏகத்துக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டு உடைக்கிறது. கேட்ட மாத்திரத்தில் அவர் குனிந்து மேசைக்கு அடியில் போய்விடுகிறார். அங்கே கேபிள்கள் இருக்கின்றன, அவற்றைச் சந்தேகிக்கலாம்.

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேல் படம் எடுத்து, 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தையும் வெளியே அனுப்பிய இடம். நம் ஸ்டுடியோக்காரர் அந்த வளைவின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்.

ஆடிக்கு அம்மன் பாட்டு வேண்டுமென்று இவரிடம் முன்பணம் கொடுக்க நினைக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாகக் கொடுங்கள். நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். போன இடத்தில் "ஸ்பீக்கர் எப்படிங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன வருஷம் ஆடிக்கென்று சொன்ன பாட்டே இன்னும் வரவில்லை.