இன்ஸ்டலேஷன் தம்பி

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் பேருந்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். உச்சியில் கொண்டை, தோளில் ஜோல்னாப் பை, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். பக்கத்து இருக்கை ஆயாவுக்கு மனசு கேட்காது. “குடு கண்ணு, ரெண்டு முடிச்சுப் போட்டுத் தரேன்” என்று மடியில் வலை ஊசியைத் தேடுவார். கிழிசலைக் கண்டால் சும்மா இருக்க முடியாத கை அது.

தம்பி சென்னையில் கலைக் கல்லூரி மாணவர். பொங்கலையொட்டி நகரத்தில் திறந்தவெளித் திருவிழா. அதில் வைக்க இருபதடி உயரப் பூநாரை செய்யப் போகிறார். அதற்குக் கிழிந்த வலை வேண்டும்.

மீனவர் குப்பத்தில் இறங்கியதும் முதல் தவறைச் செய்வார். “நாங்க ஒரு இன்ஸ்டலேஷன் விஷயமா வந்திருக்கோம்” என்பார். ஐந்தே நிமிடத்தில் தெரு காலியாகிவிடும். மகளிர் குழுக் கடனுக்கு இன்ஸ்டால்மென்ட் வசூலிக்க ஆள் வந்துவிட்டது என்று பெண்கள் பின்வாசல் வழியாக மறைந்திருப்பார்கள். கடன் இல்லை, கலைதான் என்று புரியவைத்து அவர்களைத் திரும்ப அழைத்துவர அரை நாள் ஆகும்.

அதற்குள் இவர் டச்சுக் கல்லறைக்குப் போய், வாசலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களை அறுபது படம் எடுத்திருப்பார். 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான் மிச்சம். அதையும் விடமாட்டார். “இல்லாமையின் இருப்பு” என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அங்கே ஆடு மேய்க்கிற பையன் நகர்ந்து வழிவிடுவான்.

சும்மா சொல்லக் கூடாது, ஆர்வத்தில் குறையே இல்லை. இவர் வாயில் அடிக்கடி வருகிற சொல் ‘பங்கேற்பு’. சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவுக்கு வந்தபோது, பாறையைத் தள்ள நாலு பேர் போதுமாக இருந்தது. இப்போது ஊரே தள்ளினால்தான் கலை. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா எடுத்து, சபாவில் கேட்கிற கச்சேரியை மீனவர் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். நம் தம்பி எதிர்த் திசைக்காரர். குப்பத்தைக் கழற்றி நகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஓர் ஏற்பாடு காலங்காலமாக உண்டு. உரிமையுள்ள குடும்பங்களில் யார், எந்த இடத்தில், எந்த முறைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்யும். இறால் கொட்டுகிற இடமும் வெறும் சேறும் எல்லோருக்கும் சுற்றிச் சுற்றி வரும். தம்பிக்கு இது தெரியாது. முகம் நிறையச் சுருக்கம் விழுந்த ஒரே தாத்தாவையே மூன்று நாள் படம் பிடிப்பார். நாலாம் நாள் பஞ்சாயத்து கூடிவிடும். “போட்டோவும் பாடு மாதிரிதான் தம்பி. இன்னைக்கு மேலத்தெரு, நாளைக்குக் கீழத்தெரு.” பங்கேற்பு என்றால் என்ன என்று கல்லூரி மூன்று வருஷத்தில் சொல்லித்தராததை அந்த ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்வார். சுருக்கமே விழாத கீழத்தெரு வாலிபர்களையும் எடுத்தாக வேண்டும். கூலிங் கிளாஸோடு.

பிறகு பறவையைப் பற்றிய தகராறு. இவர் வரைந்த பூநாரை தலைநிமிர்ந்து நிற்கும், நம்பிக்கையின் குறியீடாம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “அது தலைய கவுத்துப் போட்டுத்தாண்ணா மேயும். தூக்கிட்டு நின்னா ஆளப் பாத்துட்டுதுன்னு அர்த்தம்.” அவள் சொன்னது சரி. பூநாரையின் அலகு, தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை அரிப்பதற்கென்றே வளைந்தது. தம்பி ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்து, நம்பிக்கையைக் கவிழ்த்துவிடுவார். விளக்க அட்டையில் நாலு வரி மாற்றினால் போதும்.

வலை விஷயத்தில் மட்டும் பிடிவாதம். துவைத்துத் தருகிறோம் என்றால் ஒப்பமாட்டார். ஏரியின் வாசனை அப்படியே வேண்டுமாம். தந்தார்கள். திருவிழாவின் முதல் நாளே, அந்த வட்டாரத்துப் பூனைகள் அத்தனையும் பங்கேற்றன.

மூன்றாம் நாள் வேன் பிடித்துக் குப்பமே பார்க்க வந்தது. விளக்க அட்டை முழுக்க ஆங்கிலம். சிறுமி எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் ஆயா பறவையின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டார். “இன்னா முடிச்சு இது? ஒரு காத்துக்குத் தாங்காது.” காவலாளி தடுக்கத் தடுக்க, மடியிலிருந்து ஊசியை எடுத்து நடு மைதானத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது, கைபேசிகள் உயர்ந்தன. திருவிழாவிலேயே அதிகம் பேர் படம் எடுத்த கலைப்படைப்பு அன்றைக்கு ஆயாதான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தார்.

விழா முடிந்ததும், திருப்பித் தருவதாகச் சொன்ன சொல் தவறாமல் வலையைக் கொண்டுவந்து சேர்த்தார். தலையும் கழுத்தும் மட்டும் பிரிக்க வராமல் அப்படியே வந்தன, ஆயாவின் முடிச்சு. அதைக் கருவாடு காய்கிற இடத்தில் கழி நட்டுக் கட்டியிருக்கிறார்கள். காக்காய் கிட்டே வருவதில்லை.