ஒழுகும் கியர்பாக்ஸ்: ஓர் அகப்புற ஆய்வு

பழைய மினி டில்லரின் கியர்பாக்ஸ் ஏன் ஒழுகுகிறது என்ற கேள்வியைப் பல்கலைக்கழகங்கள் பட்டறைகளிடமே விட்டுவிட்டன. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வு எல்லை: கத்தித் தண்டின் இரு ஆயில் சீல்களுக்கு இடைப்பட்ட பகுதி. அதற்குள் நிகழ்வது அகம். தரையில் சொட்டி ஊரறிவது புறம்.

வரலாற்றுப் பின்புலம்

1912-இல் ஆஸ்திரேலியாவின் கில்கண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர், அப்பாவின் பண்ணையிலிருந்த நீராவி எஞ்சினைக் கொண்டு மண்ணைச் சுழற்றிக் கிளறிப் பார்த்தார். 1920-இல் காப்புரிமையும் பெற்றார். உழவு மாடு இருந்த இடத்துக்குச் சுழலும் கத்தி வந்தது. மாட்டுக்கு நேரம் தவறாமல் புண்ணாக்கு வைத்தவர்கள் கத்திக்கு ஆயில் பார்க்க மறந்தார்கள். ஒழுகலியலின் தோற்றுவாய் இதுவே.

கருதுகோள்

ஒழுகும்வரை உள்ளே ஆயில் இருக்கிறது. ஒழுகல் நின்றதும் உரிமையாளர், “தானாவே சரியாயிடுச்சு” என்று மகிழ்கிறார். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை என்பதே அம்மகிழ்ச்சியின் அறிவியல் விளக்கம்.

சான்றாதாரங்கள்

அடி நட்டைக் கழற்றி வடித்த ஆயிலே நமக்கு முதன்மைச் சான்று. பால் விட்ட டீயின் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகல் வாடை என்றால் சூடு மிகுந்திருக்கிறது. விரலில் தேய்க்கும்போது பொன்துகள் மின்னினால் புதையல் அன்று. வார்ம் கியரோடு உரசும் வெண்கலச் சக்கரம் தேய்கிறது.

ஆய்வாளர் மரபுகள்

முதலாவது ஊற்றுவோர் மரபு. ஒழுகுவதற்கு ஏற்ப ஊற்றிக்கொண்டே இருப்பது இவர்கள் கொள்கை. இவர்களுள் ‘உயர்ரக’ உட்பிரிவினர் ஆபத்தானவர்கள். ஜிஎல்-4 ஆயிலை விட ஜிஎல்-5 ஒரு படி மேல் என்பது எண்கணிதத்தில் சரி, வெண்கலத்தில் தவறு. பல ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும்.

இரண்டாவது அடைப்போர் மரபு. சீலைச் சுற்றி வெளியே பசை பூசுவார்கள்; உள்ளே கெட்டி கிரீஸைத் திணிப்பார்கள். கிரீஸ் ஒழுகாதது உண்மைதான். ஆனால் சுழலும் பல் அதை ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் அது ஓரமாகவே ஒட்டி நிற்கும். பல்லுக்குத் திரும்பி வராது.

மூன்றாவது மாற்றுவோர் மரபு. இவர்களே முறையானவர்கள். கத்தியைக் கழற்றியதும் தண்டில் ஒரு கொத்து கிடைக்கும்: அருகம்புல், கோரை, சாக்குச் சணல், நைலான் கயிறு, எப்போதோ காணாமல் போன சொட்டுநீர்க் குழாயின் ஒரு துண்டு. சீலின் உதட்டைக் கிழித்தது இந்தக் கூட்டணிதான். தண்டின் பிசிறை எமரித் தாளால் தேய்த்து, விளிம்பில் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்குமாறு புதிய சீலைச் சாயாமல் தட்டி இறக்குவார்கள். பழைய சீல் தண்டில் வடு போட்டிருந்தால், புதிய உதடு அதே வடுவில் உட்காராமல் சற்றே தள்ளி அமர வைப்பார்கள்.

விவாதம்

இவ்வளவு செய்தும் சில கியர்பாக்ஸ்கள் மறுவாரமே ஒழுகுகின்றன. உரிமையாளர் சீலைத் திட்டுகிறார். மெக்கானிக் கடைக்காரரைத் திட்டுகிறார். கடைக்காரர் கம்பெனியைத் திட்டுகிறார். மூவரும் பார்க்கத் தவறியது மேல்மூடியில் உள்ள மூச்சுத் துளையை. ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். சேறு காய்ந்து அதை அடைத்திருந்தால், அழுத்தம் வேறு வாசல் தேடும். உள்ளதிலேயே மெல்லிய கதவு புதிய சீலின் உதடு.

முடிவுரை

ஒழுகலுக்குச் சீலை மட்டும் குற்றவாளியாக்கும் பட்டறை மரபை இவ்வாய்வு மறுக்கிறது. சீல் மாற்றும் முன் மூச்சுத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். வேலை முடிந்ததும் தண்டில் சுற்றிய புல்லை அறுத்தெடுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் ஆறிய பின் அளவு பாருங்கள். துளைக்கு வேண்டியது ஒரு துண்டுக் கம்பி, செலவு இல்லை. இப்பரிந்துரை எவராலும் ஏற்கப்படாமல் போவதற்கு அதுவே காரணமாக அமையும்.