லேபிளைப் படிங்க மாப்ளே!

இந்த வாரம் திருப்பூர் முதலிபாளையம் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே சங்கதி: ஆண்களுக்கான பாலுறவுச் சாதனங்கள். எழுதிய அத்தனை பேரும் ‘நண்பருக்காகக் கேக்கறேன்’ என்றே தொடங்கியிருக்கிறார்கள். 18 வயது தாண்டிய அந்த நண்பர்களுக்கே இந்தப் பதில்கள்.

ஆன்லைன்ல 600 ரூபாய்க்கும் இருக்குது, 6,000 ரூபாய்க்கும் இருக்குது. எதைப் பார்த்து வாங்கறதுங்க?
*- செக்கிங் சூப்பர்வைசர், சிட்கோ*

குழந்தை டி-சர்ட்டில் பிளாஸ்டிசால் பிரிண்ட் போட்டால், தாலேட் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் ஐரோப்பிய பையர் சரக்கைத் தொடமாட்டார். பிவிசியை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் அதே தாலேட், மலிவான ‘ஜெல்லி’ சாதனங்களிலும் இருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஜெர்மன் குழந்தைக்காகப் பார்க்கிற லேபிளை உங்கள் உடம்புக்காகவும் ஒருமுறை பாருங்கள். சிலிக்கான் நல்லது; நுண்துளை இல்லை, அழுக்கு உள்ளே இறங்காது. ஆண்களுக்கான உறை வடிவச் சாதனங்களில் பெரும்பாலானவை டிபிஇ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக். மென்மை, விலை குறைவு. ஆனால் நுண்துளை உண்டு, ஆயுளும் குறைவு. பெட்டியில் மூலப்பொருளின் பெயரே இல்லையா, பிரித்ததும் குப்பென்று நெடி அடிக்கிறதா, ஒதுக்கிவிடுங்கள். இவற்றுக்கென்றே 2021இல் ஐஎஸ்ஓ 3533 என்ற பாதுகாப்புத் தரம் வந்துவிட்டது. ஆசனவாயில் பயன்படுத்துவதாக இருந்தால் அடிப்பாகம் அகலமாக இருப்பதையே வாங்குங்கள். உள்ளே போனது வெளியே வர அறுவை மருத்துவரைத் தேட வேண்டாம்.

வாங்கினா போலீஸ் புடிக்குமுங்களா?
*- பயந்த சுபாவம், நல்லூர்*

வீட்டுக்குள் வைத்திருப்பதற்கென்று தனியாக ஒரு தடைச் சட்டம் கிடையாது. ஆபாசப் பொருள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும்தான் குற்றம். பழைய 292ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. எது ஆபாசம் என்பதில்தான் சண்டையே. 1964ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றைக் காட்டி சுங்கத் துறை ‘பாடி மசாஜர்’ சரக்கைப் பறிமுதல் செய்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் அதை ஏற்கவில்லை. பொருளில் இல்லாத ஆபாசம் சுங்க ஆணையரின் கற்பனையில் இருந்தது என்பது தீர்ப்பின் சாரம். கற்பனைக்குச் சுங்க வரி இல்லாதது அவருக்கு லாபம்.

வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் போதாதுங்களா? கம்பெனியில சிலிக்கான் ஸ்ப்ரேயும் இருக்குது.
*- பேட்லாக் டெய்லர்*

தேங்காய் எண்ணெய் தலைக்கு. டிபிஇயில் பட்டால் அது ஊறிப் பிசுபிசுத்துக் கிழியும். லேடெக்ஸ் ஆணுறையும் பலமிழக்கும். ஸ்ப்ரே ஊசிக்கும் நூலுக்கும் செய்தது, உங்களுக்கு அல்ல. சிலிக்கான் ஜெல்லைச் சிலிக்கான் சாதனத்தில் போட்டால் சாதனமே கெடலாம். நீரில் கரையும் ஜெல் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும், கழுவினால் போய்விடும்.

வாஷிங் எப்படிங்க? ப்ளீச் போடலாமா?
*- டையிங் மாஸ்டர்*

தொழில் புத்தி! ப்ளீச், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். பயன்படுத்திய உடனே வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு. உறையாக இருந்தால் உள்பக்கத்தையும் நன்றாக அலசுங்கள். மோட்டார் இல்லாத முழுச் சிலிக்கானைச் சில நிமிடம் கொதிக்க வைக்கலாம். டிபிஇயைக் கொதிக்க வைத்தால் உருவம் போய்விடும். கழுவுவதைவிடக் காயவைப்பதே பெரிய வேலை. உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வெயில் கூடாது, ஃபேன் காற்று போதும். கட்டிங் வேஸ்ட் துணியால் துடைக்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த டிபிஇ மீது சோள மாவு லேசாகத் தூவி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் வையுங்கள். கிழிசல், பிசுபிசுப்பு, போகாத நாற்றம், மூன்றில் எது வந்தாலும் ரிஜெக்ட். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொட வேண்டாம்.

குறியில போடற வளையம் ஒண்ணு வாங்கினேன். எவ்வளவு நேரம் போடலாம்?
*- நைட் ஷிப்ட்*

அரை மணிக்கு மேல் கூடாது. மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ அந்த நொடியே கழற்றுங்கள். போட்டபடி தூங்குவதும், குடித்துவிட்டுப் போடுவதும் ஆபத்து. இழுபடும் சிலிக்கான் வளையமே நல்லது. உலோக வளையம் சிக்கினால் ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுப்பார்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

பம்ப் வெச்சா நிரந்தரமா பெருசாகுமா?
*- அளவுக்கு ஆசைப்படுபவர்*

ஆகாது. வாக்குவம் பம்ப் விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்களே பரிந்துரைக்கும் உண்மையான கருவி. அமெரிக்க எஃப்டிஏ 1982லேயே அனுமதித்தது. அது தருவது அந்த நேரத்துக்கான விறைப்பு மட்டும். அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வு இல்லாத பம்பை வாங்காதீர்கள்.

இதெல்லாம் செஞ்சா தாது போயி நரம்புத் தளர்ச்சி வரும்னு லாட்ஜ் வைத்தியர் சொல்றாரே?
*- கலங்கிய உள்ளம், ஊத்துக்குளி*

தளர்வது உங்கள் பர்ஸ். விந்து போனால் பலம் போகும் என்ற பயத்துக்கே மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் ‘தாத்’ சிண்ட்ரோம் என்று பெயர் வைத்துவிட்டார். பயம்தான் நோய். ஒரே எச்சரிக்கை: எப்போதும் மிக இறுக்கமாகவே பழகினால் துணையோடு இருக்கும்போது உணர்ச்சி மந்தமாகலாம். பிடியைத் தளர்த்துங்கள், இடைவெளி விடுங்கள்.

இது மேல்நாட்டுச் சீரழிவு அல்லவா?
*- பண்பாட்டுக் காவலர்*

வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தின் ஏழாம் பகுதியில் பொன், வெள்ளி, தந்தத்தில் செய்த சாதனங்களைச் சொல்கிறார். அவர் எந்த மேல்நாட்டுக்கும் போனதாகத் தகவல் இல்லை.

வீட்டுக்காரிகிட்ட சொல்லணுமுங்களா?
*- புது மாப்பிள்ளை*

இரண்டு பேரும் சேர்ந்து பயன்படுத்துவதென்றால் வாங்கும் முன்பே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அத்தோடு விடுங்கள். பீரோவில் துணிக்கு அடியில் அவரே கண்டுபிடிக்கிற நாள் உங்களுக்கு நல்ல நாளாக இருக்காது.

பார்சல் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா?
*- காம்பவுண்டு வீட்டுவாசி, முதலிபாளையம்*

‘சாம்பிள் வந்திருக்குதுங்க’ என்று சொல்லுங்கள். திருப்பூரில் அதற்கு மேல் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.