சரக்குச் சீட்டில் ஒரு மனிதன்

தொழிலாளர் க்ஷேமத்தை ஒன்றும் சாலைப் போக்குவரத்தை மற்றொன்றுமாகப் பரிபாலித்துவரும் இரண்டு சர்க்கார் இலாகாக்களின் மேலான சமூகத்துக்கு, சேலம் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் நெடுங்காலமாகச் சரக்குச் சீட்டு எழுதிவரும் கணக்குப்பிள்ளை மிக்க வணக்கத்துடன் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

லாரியில் ஏற்றிய சரக்கின்மேல் தார்ப்பாயை விரித்துக் கயிறு போட்டு இறுக்கும் காரியம் யாரைச் சேர்ந்தது, அதைச் செய்கிறவன் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் கடமை யாருடையது என்ற அற்ப சந்தேகம் ஒன்று எங்கள் வட்டாரத்தில் வெகுகாலமாக நிலவிவருகிறது. அற்பம் என்று நான் சொல்வது அடக்கத்தினால் அன்று. இதுகாறும் அதைத் தீர்த்துவைக்க ஒருவரும் முன்வராததைக் கொண்டு அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்துக்கொண்டேன்.

ஆலை நிர்வாகத்தாரைக் கேட்டால், சரக்கை ஏற்றிக் கொடுத்ததோடு தங்கள் தர்மம் தீர்ந்தது, பின்னால் வண்டிகள் காத்து நிற்கின்றன, எடுங்கள் என்பார்கள். லோடுமேனைக் கேட்டால், டன் கணக்கில் ஏற்றுகூலி பேசினீர்களே, தார்ப்பாய்க்கென்று தனியாகப் பேசினீர்களா என்று நியாயம் கேட்பார். லாரி உரிமையாளர், டிரைவருக்குப் படி கொடுத்தாயிற்று என்பார். டிரைவர் கிளீனரைத் திரும்பிப் பார்ப்பார். கிளீனர் வேலைக்கு ஆள் அகப்படாமல் பல வண்டிகள் ஒற்றை ஆளோடு கிளம்பும் இக்காலத்தில், அவர் திரும்பிப் பார்க்குமிடத்தில் ஸ்டெப்னி மட்டுமே இருக்கும். ஆகவே அவரே ஏறுகிறார்.

அவர் ஏறும் விதத்தைத் தாங்கள் கண்டிருக்க நியாயமில்லை. பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டியின் உச்சி, தரையிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று அடி இருக்கும்; பக்கப்பலகையே இல்லாத டிரெய்லராக இருந்தால் பற்றி ஏற ஒரு கம்பிகூட இராது. மழையில் நனைந்து இரட்டிப்புக் கனமான தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, உச்சியில் அதை உதறி விரிக்கும் தருணத்தில் காற்று சற்றே புரண்டால், அதன் விளிம்பைப் பிடித்திருப்பவரும் அதனுடனேயே புறப்பட்டுவிட வேண்டியதுதான். விரித்தபின் ஆபத்து குறையும் என்று நினைப்பது தவறு. இரண்டு பொதிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத் தார்ப்பாய் மறைத்துவிடுவதால், காலை வைத்த பிறகே அங்கே சரக்கு இல்லை என்பது தெரியவரும். கடைசியில் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, உடம்பின் முழுப் பாரத்தையும் பின்னுக்குச் சாய்த்து இழுக்கவேண்டும்; அப்போது பழங்கயிறு அறுந்தாலும் முடிச்சு நழுவினாலும் அவர் பின்புறமாகவே, அதாவது எங்கே விழப்போகிறோம் என்பதைப் பார்க்கும் பாக்கியம்கூட இல்லாமல், பூமிக்கு வந்துசேர்கிறார்.

சட்டம் இல்லை என்று நான் குறை கூறவில்லை. சட்டங்களுக்கு நடுவிலும் அந்தப் பொதிகளுக்கு நடுவே இருப்பதுபோன்ற பள்ளம் ஒன்று உண்டு என்பதே என் விண்ணப்பம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், விழக்கூடிய உயரத்தில் ஒருவன் வேலை செய்ய நேர்ந்தால் வேலியிட்டோ வேறு வகையிலோ அவனைக் காக்கவேண்டும் என்று 32-ஆம் பிரிவில் விதித்தது. ஆயின் வெளியூர் லாரிக்காரர் ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். அவரை கேட்டுக்கு வெளியே அனுப்பிப் புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டால், ஆலையின் விபத்துப் பலகை அப்பழுக்கின்றி விளங்கும். (உள்ளே நுழைகையில் அவர் தலையில் இரவலாக வைத்த ஹெல்மெட்டை வெளியேறும்போது வாங்கிவைத்துக்கொள்ளவும் காவலாளி தவறுவதில்லை.) மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கென்று 1961-இல் வந்த சட்டமோ, ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்தையே தன் நிழலில் சேர்த்துக்கொண்டது; ஒற்றை லாரி வைத்திருப்பவர் ஐவருக்கு எங்கே போவார்? இவையும் பிறவுமாகப் பதின்மூன்று சட்டங்களைத் திரட்டி 2020-இல் ஒரே தொகுப்பாக்கியபோது ஆவலோடு புரட்டிப் பார்த்தேன். லாரிமேல் நிற்பவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வரி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. விழுந்த பின் நஷ்டஈடு கேட்க 1923-ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது, மெய்தான். டிரைவரே வண்டிக்கும் சொந்தக்காரராக இருந்துவிட்டால், அவர் தம்மீதே பிராது கொடுத்துத் தம்மிடமே வசூலித்துக்கொள்ளவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, சரக்கு வரம்பு மீறிப் பக்கத்திலோ உயரத்திலோ பிதுங்கினால் 20,000 ரூபாய் அபராதம் என்று திட்டமாகப் பேசுகிறது. அதன் உச்சியில் நிற்பவனைப்பற்றி மௌனம் சாதிக்கிறது.

சரக்கின் விஷயத்தில் மட்டும் எள்ளளவும் குழப்பமில்லை. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி 2007-இல் வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்ட சரக்கு சேதமானாலும் காணாமற்போனாலும் ஏற்றிச் செல்பவர் பதில் சொல்லவேண்டும். கூடுதல் வாடகை கொடுத்து அனுப்பினால் அவருடைய பொறுப்பும் அதற்கேற்ப உயரும். ஒரு பொதி நனைந்தால் யாரைக் கேட்பது என்பது எங்கள் ஆபீஸ் பையனுக்குக்கூடத் தெரியும்.

ஆதலின் நான் கோருவது மிகச் சிறிய சலுகை: இனி தார்ப்பாய் கட்டுகிறவரையும் சரக்குச் சீட்டில் ஓர் உருப்படியாகப் பதிந்துகொள்ள அனுமதி தரவேண்டும். ‘டிரைவர், உருப்படி ஒன்று, எடை 60 கிலோ, தலைகீழாகப் போடக்கூடாது’ என்று நானே அழகாக எழுதிவிடுவேன். மதிப்பு என்ற கட்டத்தில்தான் சற்றே தயக்கம்; அவருடைய மனைவியைக் கேட்டு எழுதலாம் என்றார் எங்கள் ஆபீசில் ஒருவர்; அப்படிச் செய்தால் வாடகை கட்டாது, அவருக்குப் பேசிய படியையே எழுதிவிடலாம் என்றார் அனுபவஸ்தரான மற்றொருவர்.

இது விபரீதமான யோசனை என்று தாங்கள் கருதினால், அதைவிடச் சாதாரணமான மார்க்கம் ஒன்றும் உண்டு. சரக்கு எவ்வளவு உயரம் ஏறவேண்டும் என்று தீர்மானிப்பவர் ஆலைக்காரர். அந்த உயரத்துக்கு ஒரு மனிதன் ஏறி இறங்க வழி செய்யவேண்டியவரும் அவரே என்று ஒரு வரி எழுதினால் போதும். வளாகத்துக்குள் இருபுறமும் கைப்பிடிக் கம்பியோடு ஒரு மேடையும், மேலே இடுப்பு வாரை மாட்ட ஒரு கம்பியும் வைக்கலாம். பெட்ரோலியக் கிடங்குகளில் டாங்கர்மேல் ஏறுபவருக்கு இப்படி மேடை கட்டியிருப்பதால், கட்டும் வித்தை நம் தேசத்தில் அறியப்படாததன்று. செலவு என்பார்கள்; ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினத்துக்கு அவர்கள் கட்டும் வாசகப் பலகைகளை வருங்காலத்தில் அந்த மேடையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதால், அதிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இடமுண்டு.

இவ்விண்ணப்பத்தை இரண்டு இலாகாக்களுக்கும் தனித்தனிப் பிரதியாக, ஒரே தபாலில் அனுப்பியிருக்கிறேன். இது தங்களைச் சேர்ந்த விவகாரம் அன்று என்று தோன்றினால், தயவுசெய்து மற்றவருக்கு அனுப்பிவைக்கவேண்டாம். அவருடைய பிரதியும் அதே காரணத்துக்காகத் தங்களிடம் வந்துகொண்டிருக்கும்.

இங்ஙனம்,
கணக்குப்பிள்ளை