செத்தால்தான் கணக்கு

அம்மாவுக்கு விலையே கிடையாது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். பொய். விலை இருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்டால் ரூபாய் சுத்தமாகச் சொல்வார்கள். நிபந்தனை ஒன்றுதான். அந்த அம்மா லாரியில் அடிபட்டுச் செத்திருக்க வேண்டும்.

1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்த்தார்கள். சம்பாதிக்காத மனைவி இறந்தால் அவள் வருமானம் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது அது. ஐயாவுக்குப் பதவி உயர்வு வந்தால் அம்மா அரைத்த மாவுக்கும் மதிப்பு ஏறியது. ஐயாவின் வேலை போனால் அவள் சட்னியும் மட்டமானது.

உயிரோடு இருப்பவள் கதை இன்னும் மோசம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளிகள், கைதிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. பொருளாதார உற்பத்தியில் ஈடுபடாதவர்களாம். 2010இல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது. கைதிகளோடு சேர்த்தது பெரிய அநியாயம்தான், கைதிகளுக்கு. சிறையில் வேலை செய்தால் கூலி உண்டு. நேரத்துக்குச் சோறு வரும். "உப்பு கம்மி" என்று யாரும் தட்டைத் தள்ள மாட்டார்கள்.

உற்பத்தியில் ஈடுபடாத அந்த அம்மா காலை ஐந்துக்கு எழுகிறாள். மூன்று டப்பா, மூன்று விதச் சாப்பாடு. ஒருத்தனுக்குத் தக்காளி ஆகாது, ஒருத்திக்குத் தயிர் ஆகாது. மாமியாருக்குச் சர்க்கரை. நடுவில் உள்ளிருந்து ஒரு குரல்: "என் பனியன் எங்க?" கேட்பவர் ஒரு துறையின் கோப்புகளையெல்லாம் கட்டிக் காக்கும் அதிகாரி. பனியன் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

ராத்திரி ஒன்பதரைக்குப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு வரும். நாளைக் காலை எரிமலை மாதிரி கொண்டுவர வேண்டும், மாணவர்களே செய்ய வேண்டும். மாணவன் தூங்கிவிட்டான். எரிமலை பதினொன்றரைக்கு வெடிக்கிறது, தெர்மாகோலில் இல்லை. மறுநாள் பரிசு பிள்ளைக்கு. பெருமை அப்பாவுக்கு. ஃபெவிக்விக்கில் ஒட்டிக்கொண்ட விரல் அம்மாவுக்கு.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது: கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். இதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்ட சராசரி. கை வைக்காதவர்களையும் சேர்த்தால் என்ன வரும்? வேண்டாம், மானம் போகும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது. மாதம் 1000 ரூபாய். அதுவும் தகுதி பார்த்துத்தான். அந்த 289 நிமிடக் கணக்கால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழு ரூபாய் தேறும். அதற்கே டீக்கடை பெஞ்சில் பொருளாதார மேதைகள் பொங்கினார்கள். "சும்மா இருக்கிற பொம்பளைக்கு எதுக்குய்யா காசு? நாட்டையே சோம்பேறி ஆக்குறானுங்க." பேசிக் களைத்து வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு சொல் சொல்வார்: "டீ."

வேலைக்குப் போகும் அம்மாவுக்குச் சட்டம் துணை நிற்கிறதாம். பேறுகாலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். படிக்கவே பால் வார்த்ததுபோல் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த அறை எங்கே என்று விசாரியுங்கள். பழைய பிரிண்டர் தூங்கும் இடத்தைக் காட்டுவார்கள். கட்டடம் கட்டும் சித்தாளுக்கு அந்தச் சட்டம் வெறும் காகிதம். அவள் பிள்ளை சாரக்கம்பில் தொங்கும் தூளியில் சிமென்ட் தூசியோடு தூங்குகிறது.

மகளிர் தினத்தை மட்டும் மறக்க மாட்டார்கள். ஒரு ரோஜா, ஒரு சொற்பொழிவு, பிறகு போட்டி. என்ன போட்டி? சமையல் போட்டி.

2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும். "அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்பார். டிவி முன்னாலிருந்து ஐயா முந்திக்கொள்வார்: "சும்மா வீட்லதான் இருக்கா." அம்மா, அன்றைக்கு அவரை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துங்கள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். காலை ஐந்திலிருந்து ஆரம்பியுங்கள். வந்தவர் உட்கார்ந்து எழுதட்டும்.