சாப்பாட்டு நேரத் தத்துவம்

கேள்வி: வீட்டில் தத்துவம் பேச எத்தனை வயது ஆக வேண்டும்?

பதில்: ஆறு போதும். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் கேரத் மேத்யூஸ் 1980-இல் எழுதிய நூலில் ஒரு சிறுவன், பாத்திரத்தை வழித்து நக்கிக்கொண்டே, இதெல்லாம் கனவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அப்பாவைக் கேட்கிறான். அதே சந்தேகத்தைப் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்த் 1641-இல் லத்தீனில் வெளியிட்டார். பாத்திரம் இருந்ததாகத் தகவல் இல்லை.

பேச்சுக்கு ஒரே விதி: ‘பெரியவங்க பேசும்போது குறுக்கே வராதே’ செல்லாது. பொருளுக்கும் பஞ்சமில்லை. பலகை பலகையாக மாற்றப்பட்டபின் அது பழைய கப்பல்தானா என்று, கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பற்றிய சர்ச்சையைப் பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினார். தமிழ் வீட்டில் தாத்தாவின் சாய்வு நாற்காலி இருக்கிறது. துணியும் மாறி, சட்டமும் மாறியபின் அது பழைய நாற்காலிதானா? பேரன் இல்லை என்பான், தாத்தா விடமாட்டார். பாட்டிக்கு, அவர் எழுந்தால் அந்த இடத்தைப் பெருக்க வேண்டும்.