தாள் இல்லாத மாத்திரை

கேள்வி: மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தால் நோயைவிட மருந்துதான் பயமுறுத்துகிறது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் மூலிகை மாத்திரைக்கு மாறிவிடலாமா?
(ஒரு வாசகி, ஸ்கூடாய், ஜொகூர்)

பதில்: தாளில் பக்க விளைவு எழுதியிருப்பது அந்த மருந்தின் நேர்மை. தாளே இல்லாத டப்பாவுக்குப் பக்க விளைவு இல்லை என்று யார் சொன்னது? எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

மூட்டு வலிக்கென விற்கும் சில 'மூலிகை' மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி சட்டெனப் பறக்கும். தொடர்ந்து சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும்.

அதற்காக மருத்துவர் எழுதித் தருவதெல்லாம் அமுதமும் அல்ல. 1999இல் விற்பனைக்கு வந்த வயாக்ஸ் என்ற வலி நிவாரணி, வயிற்றுக்கு இதமானது என்று பெயர் வாங்கியது. ஆனால் 18 மாதங்களுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது ஆய்வில் தெரிந்ததும், 2004 செப்டம்பரில் நிறுவனமே அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. வயிற்றைக் காக்கப்போய் இதயத்தைக் கைவிட்ட கதை!

ஆகவே எதை வாங்கினாலும் முதலில் பதிவு எண்ணைப் பாருங்கள். மலேசியாவில் பதிவான மருந்துப் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அதில் இலக்கங்களை அடுத்து 'டி' (T) வந்தால் பாரம்பரிய மருந்து. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் புழு தேடும் வாசகிக்கு, டப்பாவில் ஓர் எண்ணைத் தேடுவதா கஷ்டம்?